பெண்கள் செய்தி பேப்பருக்குப் போன வரலாறு



குழுவில் சேர்ந்த பிறகு நாம் எத்தனையோ கற்றுக்கொண்டோம். தீர்மானப் புத்தகம் எழுதக் கற்றோம். பேங்குக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசக் கற்றோம். உள்கடன் வட்டிக் கணக்கை விரல் மடக்காமல் சொல்லக் கற்றோம். ஆனால் ஒன்றை இன்னும் சரியாகக் கற்கவில்லை. அதுதான் நம்ம வேலையைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே மக்கள் தொடர்பு என்று ஒரு பிரிவு வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அங்கே பயிற்சிக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று, உள்ளூர் நிருபருக்குச் செய்தியை எப்படி எடுத்துச் சொல்வது என்பது. அவர்கள் கற்றால் நாம் கற்கக் கூடாதா என்று தோன்றியது. அதனால் இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது, நம்மைப் போன்ற பெண்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

செய்திக் குறிப்பு பிறந்த கதை

பேப்பர்காரர் தானாக வந்து விசாரித்து எழுதுவதுதான் செய்தி என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. நடந்ததை ஒரு தாளில் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதற்குச் செய்திக் குறிப்பு என்று பெயர்.

1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்தில் இருந்து தண்ணீரில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்து நடந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். நிருபர்களைக் கிட்டே விட மாட்டார்கள். பென்சில்வேனியா ரயில்வேயில் வேலை பார்த்த ஐவி லீ என்பவர், மறைத்தால் ஊர் வாய் இன்னும் பெரிதாகப் பேசும், நாமே சொல்லிவிடலாம் என்றார். அவர் முன்பு நிருபராக இருந்தவர். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே கூட்டிப்போனார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்தக் குறிப்பை அப்படியே அச்சிட்டது. உலகத்தின் முதல் செய்திக் குறிப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதே ஐவி லீயின் இன்னொரு கதையும் நமக்குத் தெரிய வேண்டும். 1914 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். படை வந்து சுட்டது, கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சு முட்டி இறந்தார்கள். சுரங்கக் கம்பெனியின் பெரிய பங்குதாரர் ராக்பெல்லர் குடும்பம். கெட்ட பெயரைத் துடைக்க அவர்கள் ஐவி லீயைத்தான் வைத்துக்கொண்டார்கள். அவர் கம்பெனி சார்பில் குறிப்பு மேல் குறிப்பாக அச்சடித்து அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டிய தவறான கணக்கும் அதில் இருந்தது. பிறகு அரசு விசாரணையில் அந்தக் குட்டு வெளிப்பட்டது.

செய்திக் குறிப்பு ஒரு அரிவாள்மணை மாதிரி. காயும் நறுக்கலாம், கையையும் அறுக்கும். செத்துப்போன அந்தப் பெண்களிடம் எழுதி அனுப்ப ஆளும் இல்லை, அச்சடிக்கக் காசும் இல்லை. கம்பெனியிடம் இரண்டும் இருந்தன. நம்ம கதையை நாம் சொல்லாவிட்டால், நமக்கு எதிரில் இருப்பவர் சொன்னதுதான் பேப்பரில் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுதத் தெரியாமலே பத்திரிகை நடத்தியவர்

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். 1901ல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்லத் தெரியும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அப்படித்தான் அவருடைய முதல் புத்தகம் வந்தது. 1925ல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பிறகு தானே எழுதப் பழகி, 115 நாவல்கள் எழுதினார். மேடையிலும் பேசினார், காங்கிரஸில் சேர்ந்து சிறைக்கும் போனார்.

நம்ம குழுக்களில் இன்றைக்கும் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எத்தனையோ செய்தி இருக்கிறது. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது கேவலம் இல்லை, கோதைநாயகி அம்மாள் தொடங்கியதே அப்படித்தான்.

1942ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். லண்டன் போய் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்தவர். ஆனாலும் பேப்பர் சாதாரண ஜனங்கள் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். டீக்கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற பழக்கம் நம்ம ஊர்களில் வளர்ந்ததற்கு அந்த எளிய தமிழ் பெரிய காரணம். நாம் செய்தி எழுதும்போதும் இது உதவும். மேடைத் தமிழ் வேண்டாம். நாலாவது படித்தவருக்கும் புரிந்தால் போதும்.

துபகுண்டா பெண்கள்

இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நம்ம பக்கத்து மாநிலத்தில், ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு சின்னக் கிராமம். 1990ஐ ஒட்டி அங்கே எழுத்தறிவு இயக்கம் வந்தது. பகலெல்லாம் கூலி வேலை செய்த பெண்கள் ராத்திரி படிக்க வந்தார்கள். பாடப் புத்தகத்தில் சீதம்மா கதை என்று ஒரு பாடம். ஊர்ப் பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூடிய கதை. படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சீதம்மா செய்ததை நாமும் செய்யலாமே என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாளில் அரசாங்கமே சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து ஊர் ஊராக விற்பனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கூலிக் காசு வீடு வந்து சேராது. வர்தினேனி ரோசம்மா முன்னால் நிற்க, பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள்.

இது ஒரு ஊரில் நடந்த விஷயம். அடுத்த ஊருக்கு எப்படிப் போனது? அங்கேதான் பேப்பர் வருகிறது. ஈநாடு என்ற தெலுங்குப் பத்திரிகை 1974ல் ராமோஜி ராவ் விசாகப்பட்டினத்தில் தொடங்கியது. 1989ல் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பகுதி போட ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கங்களை நிரப்ப ஊர் ஊராகச் செய்தி வேண்டும், அதனால் சின்ன ஊர்களிலும் நிருபர்கள் வைத்தார்கள். 1992ல் சாராய எதிர்ப்புச் செய்திகளுக்கு என்றே பேப்பரில் தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு ஒரு ஊரில் கடையை மூடினால் நாளைக்குப் பக்கத்து ஊரில் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் தங்கள் ஊர்க் கடைக்குப் போனார்கள். சாராய ஏலத்தையும் பெண்கள் மறித்தார்கள். நெல்லூரில் ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்கச் சாராயம் நின்றது. 1995 ஜனவரியில் என்.டி. ராமாராவ் அரசு முழு மதுவிலக்குக் கொண்டுவந்தது. 1997ல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் கூலிக்காரப் பெண்கள் ஒரு அரசாங்கத்தை அசைத்தது நடந்தது நடந்ததுதான்.

இதில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. சாராயம் நின்றதும் வீட்டில் மிஞ்சிய காசை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நெல்லூர் பெண்கள் நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்க ஆரம்பித்தார்கள். பொதுப்புலட்சுமி என்று அதற்குப் பெயர். தெலுங்கில் பொதுப்பு என்றால் சேமிப்பு. ஆந்திராவில் மகளிர் குழுக்கள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கியது நமக்குத் தெரியும். அங்கே ஒரு பாடப் புத்தகக் கதையும், ஒரு கடை மூடலும், ஒரு பேப்பர் பக்கமும் சேர்ந்து அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

நம்ம புதுக்கோட்டை சைக்கிள்

தூரத்துக் கதை மட்டும் சொன்னால் போதாது. நம்ம மாவட்டமே உலகச் செய்தி ஆனது. 1991ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. தெருவில் அசிங்கமாகப் பேசியவர்களும் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் இருந்தார்கள். என் அம்மாவும் அப்போது சைக்கிள் கற்றவர்தான்.

1992ல் மகளிர் தினத்தை ஒட்டி, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு 1,500 பெண்கள் மணி அடித்தபடி புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். அதைப் பார்த்து யுனிசெஃப் அமைப்பு அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட் கொடுத்தது. பிறகு பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து இந்தப் பெண்களோடு பேசி எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். 1996ல் வந்த அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. வடநாட்டில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பாடமாகவும் வைத்தார்கள். நம்ம ஊர்ப் பெண்களின் கதையை எங்கேயோ இருக்கும் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்திருக்கிறார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகத் தனித்தனியே பெண்கள் ஓட்டிக்கொண்டிருந்தது வரைக்கும் அது அவரவர் ஊர் விஷயம். 1,500 பேர் ஒரே நாளில், ஒரே ஊரில் வந்தபோது அது செய்தி. எண்ணிக்கை இருந்தது, போட்டோ எடுக்கக் காட்சி இருந்தது, மகளிர் தினம் என்று நாளும் பொருந்தியது. உள்ளூர் நிருபர் எதிர்பார்க்கும் மூன்றும் அதில் இருந்தன.

ஆனாலும் மனதில் ஒரு குறை இருக்கிறது. அந்த ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருடைய பெயர் எழுத்தில் இருக்கிறது? என் அம்மா ஓட்டியதற்கு ஒரு போட்டோ இல்லை. இந்த மலருக்காக நம்ம கூட்டமைப்பின் பழைய ஃபைல்களைப் பார்த்தோம். பேப்பர் கட்டிங் சிலது கிடைத்தது. ஒரு கட்டிங்கில் கடன் வழங்கும் விழா. கொடுத்த அதிகாரிகள், வந்த பிரமுகர்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கிறது. வாங்கிய நம்ம பெண்கள் "பயனாளிகள்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிட்டார்கள். போட்டோவில் இருக்கும் இரண்டு அக்காமார்கள் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் யார் என்று பேரப் பிள்ளைகளுக்கு அந்த பேப்பர் சொல்லாது. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். விழாவில் அவருக்குக் கொடுத்த தாளில் இருந்த பெயர்களைத்தான் அவர் போட்டார்.

செய்தி அலை

பேப்பர்காரர் வரட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே பேப்பர் போட்ட பெண்களும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சித்திரகூட மாவட்டம், ரொம்ப வறண்ட பூமி. 1990களில் அந்தப் பகுதியில் புதிதாக எழுத்தறிவு பெற்ற பெண்கள் சேர்ந்து மகிளா டாகியா என்று ஒரு தாள் கொண்டுவந்தார்கள். பெண் தபால்காரர் என்று அர்த்தம். அது நின்றுபோனது. 2002ல் நிரந்தர் என்ற அமைப்பின் உதவியோடு கபர் லகரியா தொடங்கியது. செய்தி அலைகள் என்று அதற்கு அர்த்தம். நிருபர்கள் எல்லாரும் பெண்கள். தலித், ஆதிவாசி, முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். பலர் கொஞ்சம்தான் படித்தவர்கள். ஊர்ப் பேச்சு மொழியான புந்தேலியில் எழுதினார்கள். செய்தி சேகரித்தவர்களே பேப்பரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் விற்றார்கள்.

கைப்பம்பு ரிப்பேர், ரேஷன் கடை, ரோடு, பெண்கள் மேல் நடக்கும் கொடுமை, இவைதான் அவர்கள் எழுதியவை. 2004ல் சிறந்த பெண் பத்திரிகையாளருக்கான சமேலி தேவி விருது கிடைத்தது. 2009ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. இப்போது செல்போனில் வீடியோ எடுத்துச் செய்தி போடுகிறார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. நாம் பேப்பர் நடத்த வேண்டியதில்லை. ஆனால் ரேஷன் கடையும் கைப்பம்பும் செய்திதான் என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நாம் எப்படிக் கொடுப்பது

இத்தனை கதையில் இருந்தும் நம்ம கூட்டமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், நம்ம தாலுகா நிருபர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் பகுதி நேரமாகத்தான் எழுதுகிறார்கள். வேறு தொழிலும் இருக்கும். மாவட்டப் பக்கத்தைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தால் பிரயோஜனம் இல்லை. கூடுமானவரை மதியத்துக்குள் சொல்லுங்கள். நிகழ்ச்சி என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள்.

முதல் வரியிலேயே யார், எங்கே, எப்போது, என்ன செய்தார்கள், எத்தனை பேர் என்று வந்துவிட வேண்டும். "மகளிர் குழுவினர் சிறப்பாகச் செயல்பட்டு வருகின்றனர்" என்று எழுதினால் எந்த நிருபரும் ஒதுக்கி வைத்துவிடுவார். "எங்கள் தெருவில் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை, குழுப் பெண்கள் 20 பேர் பணம் போட்டுக் கிணற்றைத் தூர்வாரினோம்" என்று எழுதினால் கேள்வி கேட்பார். கேள்வி கேட்டாலே பாதி வெற்றி.

கணக்கு சரியாக இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் பார்த்த பிறகே எண் எழுதுங்கள். ஐவி லீயின் பொய்க் கணக்கு நூறு வருடம் கழித்தும் பேசப்படுகிறது. நாம் ஒருமுறை கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டால், அடுத்து உண்மையே சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பெயரை எழுதுங்கள். போட்டோ அனுப்பினால் இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும், குழுவின் பெயரும், ஊரும் எழுதி அனுப்புங்கள். வரிசையாக நின்ற போட்டோவைவிட வேலை செய்கிற போட்டோ நன்றாக வரும். போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுங்கள்.

சம்மதம் கேளுங்கள். இது ரொம்ப முக்கியம். வீட்டில் அடி வாங்கியவர், கந்துவட்டியில் சிக்கியவர், பிள்ளைகள் விஷயம், இவையெல்லாம் பேப்பரில் வந்தால் அவர்கள்தான் ஊரில் தலைகாட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் செய்தியே வேண்டாம். பெயர் மட்டும் வேண்டாம் என்றால் பெயர், ஊர், போட்டோ மூன்றையும் விட்டுவிடுங்கள்.

செய்திக்குக் காசோ கவரோ கொடுக்க வேண்டியதில்லை. விளம்பரம் வேறு, செய்தி வேறு. தப்பாக வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். சரியான விவரத்தை எழுதித் திருத்தம் போடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பேப்பர் போடும். வராத செய்திக்காக மனம் உடையவும் வேண்டாம். அடுத்த முறை வேறு விஷயத்தோடு போங்கள். அதே நிருபர் உங்கள் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொள்வார்.

கடைசியாக, வந்த கட்டிங்கைத் தேதி எழுதி ஃபைலில் ஒட்டுங்கள். அனுப்பிய குறிப்பின் நகலையும் அதோடு வையுங்கள். பேப்பர் போடாவிட்டாலும் நாம் எழுதியது நம்மிடம் இருக்கும்.

ஒவ்வொரு குழுவிலும் நன்றாக எழுதுகிற ஒரு பெண்ணையும், நன்றாக விஷயம் சொல்லுகிற ஒரு அக்காவையும் சேர்த்து இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது படித்த பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவளையும் உட்கார வையுங்கள், அவளுக்கும் ஒரு தொழில் பழகும். அடுத்த மலர் போடும்போது ஃபைலைத் திறந்தால், "பயனாளிகள்" என்று இருந்த இடத்தில் நம்ம அக்காமார்கள் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும்.